இல்லத்தில் அட்ட கள்: சங்கப் பாடல்களில் பதிவான வடிப்பு முறைகளும் நொதித்தல் அறிவியலும் (போடி மலைச்சரிவை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியத்தில் கள் குறித்த செய்திகள் பெரும்பாலும் விருந்தோம்பல், கொடை, போர்க்களம் ஆகியவற்றின் பின்னணியிலேயே ஆராயப்பட்டுள்ளன. கள் எவ்வாறு செய்யப்பட்டது என்னும் வினா அருகியே எழுப்பப்பட்டுள்ளது. பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கள் வடிக்கப்படும் முறையைப் படிப்படியாகக் கூறுகிறது. அகநானூற்றின் 348ஆம் பாடல் மலைவாழ் குறவர் பழமும் தேனும் கலந்து வடித்த தோப்பியைக் கூறுகிறது. இவ்விரு செய்முறைகளையும் இன்றைய இல்ல வடிப்பாளர் கையாளும் சோதனை முறையோடும் நொதித்தல் அறிவியலோடும் ஒப்பிட்டு, ‘நல்லடை’ என்னும் சொல்லுக்கு வழங்கிவரும் பொருளை மறுபரிசீலனை செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சிலமலை உள்ளிட்ட போடிநாயக்கனூர் மலையடிவாரமும் அதற்கு மேலுள்ள ஏலமலைச் சரிவும் இவ்வொப்பீட்டுக்கான நிலக்களமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தோப்பி, நறும்பிழி, நல்லடை, நொதித்தல், பூஞ்சை, குறிஞ்சி, ஏலமலை.

முன்னுரை

வீட்டிலேயே பீர் வடித்தல் மேலைநாடுகளில் இன்று பரவலான பொழுதுபோக்கு. பிரிட்டனில் இதற்கான உரிமத் தேவை 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் இல்ல வடிப்புக்கு இசைவளித்தது. அதன்பின் வளர்ந்த வடிப்பாளர் மரபின் அடிப்படை நெறி எளியது. ஒரு முறைக்கு ஒரு கூறினை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றத்தையும் விளைவையும் எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறை அக்குறிப்பிலிருந்து தொடங்க வேண்டும். முளைத்தானியத்தின் அளவு, ஊறல் வெப்பம், நொதியின் வகை, காத்திருப்பு நாள் ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் பானத்தின் சுவை மாறும்.

எழுத்துக் குறிப்பேடு இல்லாத சமூகத்திலும் இந்நெறி செயல்பட்டிருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்துத் தவறியதை நீக்கிப் பலித்ததை நிலைநிறுத்தியதன் இறுதி வடிவமே மரபுச் செய்முறை. அத்தகைய செய்முறை ஒன்று பாடலுக்குள் இடம்பெறும்போது, அது இலக்கியச் சான்றாக நிற்பதோடு தொழில்நுட்ப ஆவணமாகவும் ஆகிறது. அதனைத் தொழில்நுட்ப ஆவணமாக வாசித்தால் சொற்பொருளில் என்ன மாற்றம் நேரும் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

செயலால் அமைந்த பெயர்கள்

சங்க நூல்களில் மதுவகையைக் குறிக்கும் பெயர்கள் பல. கள், நறவு, தேறல், அரியல், பிழி, மட்டு, தோப்பி ஆகியன அவற்றுட் சில. இவற்றைப் பொதுவாக ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வது வழக்கம். ஆயினும் இவற்றுட் சில சொற்களின் வேர் வினையைச் சுட்டுகிறது. அரித்து எடுக்கப்படுவது அரியல். பிழிந்து எடுக்கப்படுவது பிழி. தெளிய வைத்து மேலிருந்து கொள்ளப்படுவது தேறல். வடிப்புத் தொழிலின் வெவ்வேறு படிநிலைகள் இவ்வாறு பெயர்களாகியுள்ளன. ஒரு சமூகம் ஒரு பொருளின் ஆக்கநிலைகளைத் தனித்தனிச் சொல்லால் வழங்குமாயின், அவ்வாக்கம் அச்சமூகத்தின் அன்றாடப் பழக்கத்துள் இருந்தது எனக் கொள்ளலாம்.

பெரும்பாணாற்றுப்படையின் வேறொரு பகுதி இப்பழக்கம் இல்லத்துக்கு உரியது என்பதைத் தெளிவாக்குகிறது. பகைப்புலத்திலிருந்து ஆனிரையைக் கவர்ந்து வந்தோர் அதனைக் கள்விலைக்கு ஈடாகத் தருகின்றனர். பின்னர்த் தம் இல்லில் அட்ட தோப்பியைப் பருகுகின்றனர். விலைக்குப் பெறும் நறவும் வீட்டில் ஆக்கிய தோப்பியும் அடுத்தடுத்துக் கூறப்படுவதால், அங்காடிக் கள் ஒன்றும் இல்லக் கள் ஒன்றும் ஒரே காலத்தில் இருவேறு வழக்குகளாக இருந்தமை பெறப்படும். அதே நூல் கள் அடும் மகளிரையும் குறிப்பிடுகிறது. அவர்கள் கழுவிய கலங்களிலிருந்து வழிந்த நீரால் உண்டான சேற்றில் பன்றிகள் புரளும் காட்சி அங்கு வருகிறது. வடிப்பு, கழிவு, கால்நடை என்னும் தொடர் வடிப்பாலைகள் உள்ள ஊர்களில் இன்றும் காணப்படுவது. வடித்தபின் எஞ்சும் தானியச் சக்கை இன்றும் கால்நடைத் தீவனமாகவே செல்கிறது.

பெரும்பாணாற்றுப்படை கூறும் செய்முறை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் பாணன் பெறும் உணவைக் கூறுமிடத்தில் நறும்பிழியின் ஆக்கத்தை விவரிக்கிறது. அதன் படிகளைப் பின்வருமாறு பகுத்துக் காணலாம்.

1. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி அடுதல்.
2. அகன்ற வாயையுடைய பிழா என்னும் தட்டில் அக்களியைப் பரப்பி, ஈரம் புலரும்படி ஆற்றுதல்.
3. பாம்பு உறையும் புற்றின் குரும்பியைப் போன்ற புறத்தோற்றமுடைய நல்லடையை அதனுடன் கலத்தல்.
4. இனிமை உண்டாகும்படி இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுதல்.
5. வலிய வாயையுடைய சாடியில், இளமை நீங்கி முற்றும்படி விளையவிடுதல்.
6. வெந்நீர் கொண்டு அரித்து, விரலால் அலைத்துப் பிழிதல்.

நான்காம் படியின் காலக்கணக்கு பிழாவிற்கு உரியதா சாடிக்கு உரியதா என்பதில் தொடரமைப்பு இருவகைக்கும் இடமளிக்கிறது. எனினும் இனிமை உண்டாதல் ஒரு நிலையாகவும் இளமை நீங்குதல் மற்றொரு நிலையாகவும் இருவேறு சொற்களால் குறிக்கப்படுவது கருதத்தக்கது. வடிப்பு அறிவியலும் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. முதலாவது மாவுப்பொருள் சர்க்கரையாதல். இரண்டாவது சர்க்கரை மதுசாரமாதல்.

இவ்வேறுபாடு அடிப்படையானது. பனையின் பாளையிலிருந்து வடியும் பதநீரில் சர்க்கரை இயல்பாகவே உள்ளது. காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதி அதனை நேரடியாகக் கள்ளாக்கும். அரிசியில் இருப்பது மாவுப்பொருள். நொதியுயிரியான சாக்கரோமைசஸ் செரவிசியே மாவுப்பொருளை நேராக உண்ணாது. எனவே தானியத்திலிருந்து மது ஆக்கும் எந்தச் சமூகமும் மாவைச் சர்க்கரையாக்கும் வழி ஒன்றை முதலில் கண்டறிந்தாக வேண்டும்.

உலகில் இதற்கு இரண்டு பெருவழிகள் வழங்கின. ஒன்று முளைவழி. தானியம் முளைக்கும்போது அதன் உள்ளே மாவைச் சிதைக்கும் நொதிப்பொருள்கள் தோன்றுகின்றன. ஐரோப்பியரின் பார்லி பீரும் ஆப்பிரிக்கச் சோளக் கள்ளும் இவ்வழியின. மற்றொன்று பூஞ்சைவழி. வெந்த தானியத்தின்மீது ரைசோபஸ், மியூக்கர், அமைலோமைசஸ் போன்ற பூஞ்சைகளை வளரவிட்டு அவை சுரக்கும் நொதிப்பொருளால் மாவைச் சிதைப்பது இது. சீனம், ஜப்பான், தென்கிழக்காசியா, இமயமலைப் பகுதி ஆகியவற்றின் அரிசி மதுக்கள் இவ்வழியின. சிக்கிம், நேபாளப் பகுதிகளின் ‘மார்ச்சா’, சந்தால் மக்களின் ‘ராணு’ ஆகியன இவ்வழிக்கு உரிய உறை அடைகள். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற அசாமின் திமாசா மக்களது ‘ஜுதிமா’ என்னும் அரிசி மதுவும் உறை அடை கொண்டே ஆக்கப்படுகிறது.

நல்லடை: முளையா, பூஞ்சையா?

பெரும்பாணாற்றுப்படையின் நல்லடையை முளைத்த தானியத்தை இடித்துச் சேர்த்ததாகக் கொள்வது உரைவழி வந்த விளக்கம். உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபின் இவ்விளக்கமே பெரிதும் பின்பற்றப்பட்டு வருகிறது. இவ்விளக்கத்தின்படி தமிழகத்து அரிசிக் கள் முளைவழியைச் சாரும். அடை என்பதை உறை அடையாகக் கொண்டால் அது பூஞ்சைவழியைச் சாரும். ஒரு சொல்லின் பொருளைச் சார்ந்தே ஆசிய நொதித்தல் மரபுகளின் வரைபடத்தில் பண்டைத் தமிழகத்தின் இடம் அமைகிறது. ஆகவே இதனை உரைவேறுபாடு என்ற அளவில் விட்டுவிடல் இயலாது.

முதலில் உவமையை நோக்கலாம். குரும்பி என்பது புற்றினுள் கறையான் அமைக்கும், பஞ்சுபோன்ற நுண்துளைக் கட்டமைப்பு. பேச்சுவழக்கில் இது புற்றாஞ்சோறு எனப்படும். ஒடன்டோடெர்மஸ் போன்ற கறையான் இனங்கள் தாம் மென்ற தாவரப்பொருளைக் கொண்டு இதனை அமைத்து, இதன்மேல் டெர்மிட்டோமைசஸ் என்னும் பூஞ்சையை வளர்க்கின்றன. வெண்ணிறச் சிறு முத்துகளாக அப்பூஞ்சை அதன் புறத்தே காணப்படும். மழைக்குப்பின் புற்றின்மேல் முளைக்கும் காளான் இதனுடையதே. ஆகவே புலவர் உவமையாகக் காட்டிய பொருள் உண்மையிலேயே பூஞ்சை படர்ந்த ஒரு கட்டி. அடையின் புறத்துக்குப் புலவர் தரும் ‘பூ’ என்னும் அடைமொழியும் இங்கு எண்ணத்தக்கது. உணவுப்பொருளின்மேல் பூஞ்சை படிவதைப் ‘பூத்துப்போதல்’ எனவும் ‘பூசணம் பூத்தல்’ எனவும் கூறும் வழக்கு தமிழில் இன்றும் உண்டு.

இச்சான்று மட்டும் முடிவுக்குப் போதாது. நெல்லை நனைத்துக் கட்டி முளைக்க வைத்தாலும் வெண்ணிற வேர்கள் பின்னிப் பிணைந்து அடையாகத் திரளும். அதன் புறத்தோற்றமும் குரும்பியை ஒத்ததே. உவமை இரு பொருளுக்கும் பொருந்துவதால், முடிவைச் செய்முறையின் படிகளிலிருந்தே பெற வேண்டும்.

படிகளுள் மூன்று கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, ஆற்றுதல். முளைத்தானிய நொதிப்பொருள்கள் வெப்பத்தில் விரைந்து செயல்படுவன. பார்லி முளையை ஊறவைக்கும் வடிப்பாளர் 62 முதல் 70 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தைக் காப்பதும் இதனாலேயே. களி கொதிநிலையிலிருந்து சற்றே தணிந்ததும் முளைமாவைக் கலப்பது இவ்வழிக்கு ஏற்றது. பாடலோ அகன்ற தட்டில் பரப்பி ஈரம் புலரும்வரை ஆற்றச் சொல்கிறது. உயிருள்ள ஒன்றைக் கலக்கப் போகும்போதே இத்தகைய முழுமையான ஆற்றுதல் இன்றியமையாததாகும். இமயமலைப் பகுதியிலும் தென்கிழக்காசியாவிலும் உறை அடையைக் கலக்குமுன் சோற்றைப் பாயிலோ முறத்திலோ பரப்பி ஆற்றும் வழக்கம் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இரண்டாவது, காலம். உரிய வெப்பத்தில் முளைமாவு மாவுப்பொருளைச் சில மணி நேரத்தில் சர்க்கரையாக்கிவிடும். ஆறிய களியில் அது மெல்லவே செயல்படும். அதற்குள் புளிப்பூட்டும் நுண்ணுயிரிகள் முந்திக்கொண்டு களியைப் புளிக்கச் செய்யும். பூஞ்சைவழியில், 30 பாகையை ஒட்டிய வெப்பத்தில், அரிசி இனிமையுறுவதற்கு இரண்டு நாள் அளவு தேவைப்படுகிறது. இந்தோனேசியாவின் ‘தாப்பே’யும் சீனத்தின் இனிப்பு அரிசி நொதியலும் ஏறத்தாழ இதே கால அளவில் இனிமையுறுவன. பாடல் கூறும் இரண்டு பகலும் இரண்டு இரவும் இக்கணக்குடன் பொருந்துகின்றன.

மூன்றாவது, கலம். பிழா அகன்ற வாயுடையது. சாடி வலிய வாயுடையது. பூஞ்சை வளரக் காற்று வேண்டும். நொதி மதுசாரம் ஆக்கக் காற்றுக் குறைந்த அடைப்பு வேண்டும். இரண்டு நாள் கணக்கு எந்தக் கலத்துக்கு உரியதாயினும், அகன்ற கலத்திலிருந்து ஒடுங்கிய கலத்துக்கு மாற்றும் வரிசை இருநிலை நொதித்தலின் வரிசையே.

ஆறாம் படியில் வரும் வெந்நீரும் கவனிக்கத்தக்கது. கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் வழங்கும் ‘தொங்பா’வில், நொதித்த கேழ்வரகின்மேல் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துச் சாற்றை உறிஞ்சிப் பருகுவர். சக்கையில் தங்கிய சுவையையும் மதுசாரத்தையும் வெந்நீர் கரைத்து வெளிக்கொணரும். அதுவும் உறை அடையால் ஆகும் பானமே.

இக்கூறுகள் யாவும் சேர்ந்து நல்லடை உறை அடையாக இருந்திருக்க வாய்ப்பு மிகுதி என்னும் கருதுகோளுக்கு வலிமை சேர்க்கின்றன. முளையை இடித்து அடையாக்கி, அதன்மேல் பூஞ்சை படரவிட்டுப் பயன்படுத்தியிருக்கவும் கூடும். அவ்வாறாயின் உரைவிளக்கமும் இக்கருதுகோளும் ஒன்றையொன்று மறுப்பன ஆகா.

மலைச்சரிவின் செய்முறை: பழமும் தேனும்

அகநானூறு 348 குறிஞ்சி நிலத்துக்குரிய மற்றொரு செய்முறையைத் தருகிறது. முற்றத்து மாவின் கோடையில் முதிர்ந்த கனி, பலாவின் சுளை, தேனிறால் ஆகிய மூன்றும் கலக்கப்படுகின்றன. கலவை நெடிய மூங்கிற் குழாயில் முதிர விடப்படுகிறது. பாம்பின் கடுப்பை ஒத்த தோப்பி விளைகிறது. குறவர் அதனை மலையுறை கடவுளுக்குப் படைத்தபின், மகளிர் ஊட்டப் பருகித் தினைப்புனக் காவலை மறக்கின்றனர்.

இங்கு இரு செய்திகள் முதன்மையானவை. முதலாவது சொற்பொருள் சார்ந்தது. தோப்பிக்கு ‘நெல்லால் ஆகிய கள்’ என்னும் பொருளே அகராதிகளில் பெரிதும் தரப்படுகிறது. இப்பாடலின் தோப்பியில் நெல் இல்லை. அகநானூறு 35இல் நடுகல்லுக்குப் படைக்கப்படும் தோப்பியின் மூலப்பொருள் கூறப்படவில்லை. பெரும்பாணாற்றுப்படையின் தோப்பி இல்லில் ஆக்கியது. அகநானூறு 348இன் தோப்பி குறவர் தம் குடியில் ஆக்கியது. ஆகவே தோப்பி என்பது மூலப்பொருளைக் குறிக்கும் சொல் அன்று. மரத்தில் இறக்கும் கள்ளினின்றும் வேறாகக் கைச்செய்முறையால் ஆக்கப்படும் கள்ளைக் குறிக்கும் சொல் எனக் கருத இடமுண்டு.

இரண்டாவது தொழில்நுட்பம் சார்ந்தது. தேன் மட்டும் எளிதில் நொதிக்காது. அதன் சர்க்கரைச் செறிவு நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். நீர் சேர்த்தாலும், நொதி பெருகத் தேவையான நைட்ரசன் தேனில் மிகக் குறைவு. பழச்சாறு நீரையும் அமிலத்தையும் நைட்ரசனையும் தருகிறது. பழத்தோலின்மேல் இயல்பாக வாழும் நொதியையும் அது கொணர்கிறது. தேன் மதுசாரத்தின் அளவை உயர்த்துகிறது. பழம் மட்டும் இட்டால் மது மெலிதாகும். தேன் மட்டும் இட்டால் நொதித்தல் தடைபடும். இன்றைய இல்ல வடிப்பாளர் தேன்மதுவில் பழமோ நொதியூட்டமோ சேர்ப்பதற்கும் இதுவே காரணம். பாம்பின் கடுப்பு என்னும் உவமை இச்சேர்க்கையின் விளைவைச் சரியாகவே சுட்டுகிறது.

நாள்கணக்கும் வன்மையும் தொடர்புடையன என்பதைப் புலவர்கள் அறிந்திருந்தனர். புறநானூறு 392 நாட்பட்ட தேறலின் வன்மையைத் தேளின் கடுப்போடு ஒப்பிடுகிறது. அளவுகோல் இல்லாத காலத்தில் கடுப்பின் உவமைகளே வன்மையின் அளவீடாக நின்றன. இன்றைய வடிப்பாளர் அடர்த்திமானியால் இதனைக் கணக்கிடுகிறார். தொடக்க அடர்த்தி 1.050 ஆகவும் இறுதி அடர்த்தி 1.010 ஆகவும் இருப்பின், இடைவேறுபாடாகிய 0.040ஐ 131.25ஆல் பெருக்க, ஏறத்தாழ 5.25 விழுக்காடு மதுசாரம் எனப் பெறப்படும்.

வெப்பமும் நிலமும்

எந்தச் செய்முறையையும் வேறிடத்தில் திரும்பச் செய்வோர் முதலில் எதிர்கொள்வது வெப்ப வேறுபாடு. மேல்நொதி கொண்டு ஆக்கும் ஏல் வகைப் பீருக்கு 15 முதல் 24 பாகை வரை ஏற்றது. அதனை மிஞ்சினால் வேண்டாத நெடியும் கடுஞ்சுவையும் தோன்றும்.

போடிநாயக்கனூர் வட்டாரம் இதனை விளங்கிக்கொள்ள உகந்த நிலம். சிலமலை போன்ற அடிவார ஊர்கள் சமவெளியின் வெப்பத்தில் உள்ளன. அங்கிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏறுவோர் ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயர வேறுபாட்டைக் கடக்கின்றனர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் பொதுவாக ஆறு முதல் ஏழு பாகை வரை குறையும். நாள்தோறும் அடிவாரத்திலிருந்து தோட்ட வேலைக்குச் செல்வோர் ஒரே காலையில் இருவேறு நொதித்தல் நிலங்களைக் கடந்து செல்கின்றனர் எனலாம். முந்திய மாலை அரைத்த மாவு அடிவாரத்தில் விடியுமுன்னரே பொங்கிவிட, மலைமேல் பொழுதேறியும் பொங்காது நிற்பதற்கும் இதுவே காரணம்.

சங்கப் பாடல்களின் கலத்தேர்வை இப்பின்னணியில் காணலாம். திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் மலைவாழ்நர் மூங்கிற் குழாயில் தேன்கள்ளை விளைவித்ததைக் கூறுகின்றன. மூங்கிலின் சுவர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. இரவுக் குளிரும் பகல் வெயிலும் உள்ளிருக்கும் கலவையை உடனே தாக்கா. பயன்படுத்திய குழாயின் நுண்துளைகளில் முந்தைய வடிப்பின் நொதி தங்கவும் கூடும். பறம்பு நாட்டைப் பாடும் புறநானூறு 120, நிலத்தில் புதைத்து முதிர்வித்த தேறல் குடிதோறும் வழங்கப்பட்டதைக் கூறுகிறது. மண்ணுக்குள் வெப்பம் நாள்முழுதும் பெரிதும் மாறாது. வெப்பமானி இல்லாத நிலையில் வெப்பத்தை நிலைப்படுத்தும் வழிகள் இவை.

அகநானூறு 348இன் மூலப்பொருள்களும் இந்நிலத்துக்கு அயலானவை அல்ல. போடி அடிவாரத்தில் மாந்தோப்புகளும் மேற்சரிவில் பலாவும் உள்ளன. இரண்டும் கோடையில் பழுப்பன. காலம், நிலம், மூலப்பொருள் மூன்றும் ஒன்றுகூடும் பொழுதிலேயே அத்தோப்பி ஆக்கப்பட்டது என்பதைப் பாடலின் கோடைக்குறிப்பு உறுதிசெய்கிறது.

அறிவின் எச்சமும் சட்டத்தின் எல்லையும்

இவ்வறிவின் தொடர்ச்சி தமிழகத்தில் மதுவாக எஞ்சவில்லை. சென்னை மாகாணத்தில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டமே திருத்தங்களுடன் இன்றும் தொடர்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கவும் விற்கவும் தடை உள்ளது. போடிமெட்டைக் கடந்தால் கேரளத்தில் கள்ளுக்கடை உரிமம் பெற்ற தொழில். ஒரே மலையின் இரு சரிவுகளில் ஒரே பானம் இருவேறு சட்டநிலை உடையதாக இருக்கிறது. கள் குறித்த பொதுவிவாதம் பனைத்தொழிலாளர் வாழ்வாதாரம் சார்ந்து நிகழ்வதால், தானியத்தாலும் பழத்தாலும் ஆன இல்லக் கள் அவ்விவாதத்திலும் இடம்பெறுவதில்லை.

மாறாக, அவ்வறிவு உணவாக எஞ்சியுள்ளது. முந்தைய நாள் கரைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சும் கம்பங்கூழ், நீரூற்றி வைத்த பழைய சோறு, உளுந்துடன் அரைத்துப் பொங்கவிடும் மாவு ஆகிய ஒவ்வொன்றிலும் காலம், வெப்பம், உறை ஆகிய மூன்றின் கணக்கு உள்ளது. கோடையில் உப்பை முன்னதாக இடுவதும், குளிர்காலத்தில் மாவுப் பாத்திரத்தைப் போர்த்தி வைப்பதும், பழைய கலயத்தையே மீண்டும் பயன்படுத்துவதும் அளவுக்கருவி இல்லாச் சோதனை முறையின் விளைவுகளே. கேரளத்தில் ஆப்பமாவுக்குக் கள் உறையாக இடப்படுவது, உணவும் மதுவும் ஒரே நொதித்தல் அறிவின் இரு கிளைகள் என்பதைக் காட்டும்.

சோதனைக்கான முன்வரைவு

நல்லடை பற்றிய கருதுகோளைச் சொல்லாராய்ச்சியால் மட்டும் நிறுவ இயலாது. செய்து பார்த்தே உறுதிப்படுத்த வேண்டும். அதற்கு மதுசாரம் தோன்றும்வரை செல்ல வேண்டியதில்லை. வினா நான்காம் படியாகிய இனிமையுறுதலைப் பற்றியதே. பல்கலைக்கழக நுண்ணுயிரியல் துறையின் துணையுடன், உரிய இசைவோடு, தீட்டாத அரிசிக் களியை மூன்று பங்காக்கி ஆய்வு செய்யலாம். ஒன்றில் இடித்த நெல்முளையும், மற்றொன்றில் நஞ்சற்றதென உறுதிசெய்யப்பட்ட பூஞ்சை உறையும் கலக்க வேண்டும். மூன்றாவதில் எதுவும் கலக்கலாகாது. மூன்றையும் 30 பாகையில் வைத்து, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரைச் செறிவையும் புளிப்பையும் அளந்து, 48ஆம் மணியில் வெப்பமூட்டி நிறுத்திவிடலாம். அயோடின் இட்டால் கருநீலம் தோன்றாதிருப்பின் மாவுப்பொருள் சிதைந்துவிட்டது எனலாம்.

முளைமாவு இட்ட களி 48 மணி நேரத்தில் புளிப்பின்றி இனிமையுறுமாயின் உரைவழிப் பொருள் உறுதிப்படும். அது புளித்து, பூஞ்சை உறையிட்ட களி இனிக்குமாயின் நல்லடையை உறை அடையாகக் கொள்வதற்கு வலிய சான்று கிடைக்கும். இயல்பாகப் படரவிட்ட பூஞ்சையைப் பயன்படுத்துவது கூடாது. தானியத்தில் நச்சுப்பொருள் சுரக்கும் பூஞ்சைகளும் வளரக்கூடும். பண்டையோர் நல்லடை என ‘நல்’ அடைகொடுத்துக் கூறியதில், நல்லதையும் தீயதையும் புறத்தோற்றத்தால் பிரித்தறிந்த பட்டறிவு உள்ளதா என்பதும் எண்ணத்தக்கது.

முடிவுரை

பெரும்பாணாற்றுப்படையின் நறும்பிழிச் செய்முறை, சர்க்கரையாதல், மதுசாரமாதல் என்னும் இருநிலைகளைக் கலத்தாலும் சொல்லாலும் வேறுபடுத்திக் கூறுகிறது. அதன் நல்லடை முளைமாவாக மட்டும் இராது, பூஞ்சை உறையாகவும் இருந்திருக்க வாய்ப்புள்ளது. தோப்பி என்னும் சொல் நெற்கள்ளுக்கு மட்டும் உரியதன்று என்பதை அகநானூறு 348 காட்டுகிறது. மூங்கிற் குழாயும் புதைகலனும் வெப்பத்தை நிலைப்படுத்தும் நுட்பங்களாகக் கருதத்தக்கன. இம்முடிவுகளுள் முதலாவதும் மூன்றாவதும் பாடல்களின் சொற்களிலிருந்தே பெறப்படுவன. இரண்டாவதும் நான்காவதும் ஆய்வகச் சோதனைக்கு உரியன. இலக்கியத்துறையும் நுண்ணுயிரியல் துறையும் இணைந்து அச்சோதனையை மேற்கொள்ளுமாயின், ஒரு சொல்லின் பொருள் தெளிவதோடு, பெயர் தெரியாத இல்லத்து மகளிரும் மலைக்குடியினரும் செய்து பார்த்துச் சேர்த்த அறிவுக்கும் உரிய இடம் கிட்டும்.